பிளக்கைக் கழற்றச் சொன்னவன்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பிரசவ வலியில் துடித்த அக்காவை மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுபோனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், உச்சி வெயிலில் இன்ஜின் சட்டென்று நின்றுவிட்டது.

டிரைவர் காதர் பானெட்டைத் திறந்தார். "சூட்டுல பெட்ரோல் ஆவியாப் பூடுச்சு அண்ணாத்த. பம்பு மேல ஈரத்துணி சுத்துனா பத்து நிமிஷத்துல கிளம்பிடும்."

"ஆவியாவது கீவியாவது! பிளக்குலதான் கோளாறு. புத்தகத்துல படிச்சிருக்கேன், கழட்டுங்க" என்றேன்.

"என் புள்ள படிச்சவன். சொன்னதைச் செய்யிப்பா" என்று அப்பாவும் அதட்டினார்.

நாலு பிளக்கும் சுத்தமாகத்தான் இருந்தன. திரும்ப மாட்டியும் பயனில்லை. அரை மணி வீணான பிறகு காதர் தன் துண்டை நனைத்துப் பம்பில் சுற்றினார். வண்டி கிளம்பியது.

அக்கா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டரம்மா.

அப்பா காதரின் சட்டையைப் பிடித்தார். "ஓட்டை வண்டிய ஓட்டிகினு வந்து என் பேரனைக் கொன்னுட்டியேடா!"

காதர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நான் எது சொன்னாலும் நம்புகிற வீடு எங்களுடையது. உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். இன்றுவரை சொல்லவில்லை.