ஐந்தாவது ராடில் நல்ல தண்ணீர்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தி. மாப்பிள்ளை வீட்டார் ஆந்திராப் பக்கம். எதிர் வரிசையில் ஒரு அம்மாள், ரசவாளியோடு வந்தவனை மறித்து, இலைமேல் கையை விரித்து, "சாலு, சாலு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஏனுங்க, சபைல இப்படியா?" என்று என் மனைவி தொடையில் கிள்ளினாள். அந்த ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

என் கல்யாணத்துக்கு முன் நான் ரிக் லாரியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. எங்கள் பக்கத்து ஆள் இல்லாமல் இந்தியாவில் எந்த ஊரில் பாறையைத் துளைத்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்! (பீற்றல் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) என் முதல் வெளிமாநிலப் பயணம், விசாகப்பட்டினத்துக்கும் வடக்கே கடலோரத்தில் இருந்த ஒரு சின்ன நகராட்சிக்கு.

சின்னதுதான். ஆனால் சுற்றியிருந்த மீன்பிடிக் கிராமங்களுக்கெல்லாம் அதுதான் தலைநகரம். வலை வாங்க, ஐஸ் ஏற்ற, பஸ் மாற, முகூர்த்தப் புடவை எடுக்க, பிறப்புச் சான்றிதழுக்கு நடையாய் நடக்க, எல்லாவற்றுக்கும் அங்கேதான் வந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கருவாட்டு வாசனை ஆளைத் தூக்கும். பிள்ளை பெறுவதற்கும் அந்த ஊர் ஆஸ்பத்திரிதான். அங்கே கிணற்றில் இருந்ததோ கரிப்புத் தண்ணீர். அதனால் வலியோடு பஸ்ஸில் வரும் பெண்ணுக்குப் பக்கத்தில், மடியில் குடிதண்ணீர்க் குடத்தோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அதற்கொரு வழி பண்ணத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பிரசவ வார்டு ஆயா அப்பலம்மாவின் நாக்குதான் எங்களுக்கு லேபரட்டரி. துளை போடும் இரும்புத் தண்டுகளில் ஐந்தாவது ராடு இறங்கியதும் தண்ணீர் பீய்ச்சியது. அப்பலம்மா கையில் ஏந்திக் குடித்தார், முகமெல்லாம் சிரிப்பு. "சாலு, சாலு!" என்று கத்தினார்.

"அந்தம்மா என்ன மாப்ள சொல்லுது?" என்றான் என் கூட்டாளி செங்கோடன்.

எங்கள் ஊரில் ஏர் ஒரு தரம் போய் விழும் கோட்டுக்குச் சால் என்று பேர். நான் பெரிய பண்டிதனாட்டம், "இன்னொரு சாலு ஓட்டச் சொல்லுதுடா. போடு ராடை!" என்றேன்.

ஆறாவது ராடில் தண்ணீர் இன்னும் உயரமாகப் பொங்கியது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். அப்பலம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "உப்பு" என்றார். அந்த வார்த்தை மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்! 'சாலு' என்றால் போதும் என்று அர்த்தமாம். நகராட்சிக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கரையில் நல்ல தண்ணீர் நடுவில் ஒரு அடுக்குதான், அதற்கு மேலும் உப்பு, கீழும் உப்பு. ஆயிரம் அடி போனோம் என்று மீசை முறுக்குகிற எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் குழியை மூடினோம். இன்னும் ஒரே ஒரு குழிக்குத்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் உப்பானால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்தத் தடவை நான் பூமியைப் பார்க்கவே இல்லை, அப்பலம்மாவின் வாயைத்தான் பார்த்தேன். ஐந்தாவது ராடு பாதி இறங்கியிருக்கும். பீய்ச்சிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "சா..." என்றார். 'லு' வருவதற்குள் மெஷினை நிறுத்திவிட்டேன்!

கலங்கல் தெளிந்ததும் அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு என் தலையைப் பிடித்துக் குனிய வைத்து எனக்கும் ஊற்றினார். இளநீர் தோற்றது, போங்கள்! அந்த வாரமே வார்டு வாசலில் குழாய் வந்தது. நான் விசிலடித்தேன், வார்டுக்குள்ளிருந்து ஒரு நர்ஸ் அதட்டினார்.

செங்கோடன் இன்னும் ரிக்கில்தான் இருக்கிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனவன் போன் பண்ணினான். "நம்ம குழாய்ல தண்ணி இன்னும் வருது மாப்ள. தண்ணிக் குடத்தப் பத்தி அங்கிருக்கற நர்ஸ் புள்ளைங்ககிட்டக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் குடம்னு என்னையே திருப்பிக் கேக்குதுங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குடங்களை ஊரே மறந்துவிட்டது. நன்றாக மறக்கட்டும்.