விட மாட்டாத ஜெமீல்

ஜெமீலுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அறுகம்பேயில் ஒரு விடுதியில் சமையல் வேலை. வியாழன் பின்னேரம் பஸ் ஏறிக் கல்முனைக்குடி வீட்டுக்கு வருவார். ஜும்ஆ முடிந்த கையோடு மறுபடி பஸ்ஸுக்கு நிற்பார். அந்த விடுதியில்தான், அலைச்சறுக்க வந்த வெள்ளைக்காரர்களிடம் பிளக் ஜாக் பழகினார். காசு வைத்தால் ஹறாம் என்று அவர் மட்டும் கச்சான் கொட்டை வைத்து ஆடுவார். அல்லாஹ்வையும் ஏய்க்கலாம் என்று நினைத்த மனுசன்.

ஆட்டம் லேசானது. சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டக் கூடாது. முதல் இரண்டு சீட்டும் மோசமென்றால் "விடுறன்" என்று சொல்லி, வைத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கையில் பதினாறு, சீட்டுப் போடுபவனிடம் பத்து என்றால், புத்தியுள்ளவர்கள் விட்டுவிடுவார்கள். ஜெமீல் ஒருநாளும் விட்டதில்லை.

"ஜெமீல் காக்கா, பாதியையாவது எடுங்களன்" என்பான் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் முனாப்.

"பாதி என்னத்துக்கு? வைச்சது முழுசு. ஒண்டு போடு."

ஒன்று போடுவான். பெரும்பாலும் கச்சான் முழுவதும் போய்விடும். எப்போதாவது ஐந்து வந்து இருபத்தொன்று ஆகும். அந்த ஒரு ஐந்தைப் பற்றி ஆறு மாதம் கதைப்பார்.

சுனாமி வந்த காலையில் அவருடைய மனைவி நஸீறாவும் மகள் றிப்னாவும் சவளக்கடையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். அதனால் உயிர் தப்பியது. அறுகம்பேயில் ஜெமீல் விடுதிக் கூரையில் ஏறித் தப்பினார். கடலோரத்தில் நஸீறாவுக்குச் சீதனமாக வந்த வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. இந்த ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். றிப்னாவுக்கென்று ஜெமீல் வைத்திருந்ததும் அந்த ஒரே வீடுதான்.

கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் யாரும் கட்டக் கூடாது என்றார்கள். கடற்கரைக் காணியில் கட்ட மாட்டேன் என்று கையெழுத்து வைத்தால், மேற்கே வயலை மண் போட்டு மூடிய வீட்டுத் திட்டத்தில் ஒரு சின்ன வீடு. அங்கே ஆறு பேர்ச் நிலம், இங்கே இருபது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்கள். ஜெமீல் வைக்கவில்லை. பிறகு இருநூறு என்பது அறுபத்தைந்து ஆனது. வந்ததே அவருக்கு ஒரு துள்ளல். அவருடைய காணி ஐம்பதில் கிடந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஐம்பதாகிவிடாதா? தகரக் கொட்டிலில் நாலு வருசம் பொறுத்தார். பிரதேச செயலகக் கந்தோருக்கும் கடற்கரைக்கும் நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது.

இதற்கிடையில் மர்சூக் வந்தான். கல்முனைச் சந்தையில் புடவைக்கடை, நல்ல பிள்ளை. றிப்னா தன் விருப்பத்தை வாயால் சொல்லவில்லை. அவன் பேர் அடிபட்டால் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவனுடைய உம்மா ஜுனைதா பேச்சுக்கு வந்து, கொட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"எங்களுக்குப் பெரிய வீடு தேவல்ல. வீடு எண்டு ஒண்டு காட்டினாப் போதும். நோன்புக்கு முன்ன நிக்காஹ் வைப்பம்."

"காட்டுறன்" என்றார் ஜெமீல். காட்ட அவரிடம் ஐம்பது மீற்றரில் மணல்தான் இருந்தது. ஜுனைதா றிப்னாவின் விரலில் ஒரு மோதிரம் போட்டுவிட்டுப் போனார். பிறகு மூன்று தரம் ஆளனுப்பினார். மூன்று தரமும் அதே "காட்டுறன்".

வைகாசி நடுவில் ஒரு பகல், விடுதியில் ஆளில்லை. முனாப் சும்மா சீட்டுப் போட்டான். ஜெமீலுக்குப் பதினாறு, முனாபுக்குப் பத்து. "ஒண்டு போடு" என்றார். ஒன்பது வந்தது. முனாப் கச்சானை வழித்தெடுத்துக்கொண்டு, சிரிக்காமல், "நாலு வருசமா இதத்தானே காக்கா செய்யிறீங்க" என்றான்.

ஜெமீல் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார். மறுநாள் கையெழுத்து வைத்துவிடுவது என்று முடிவு. ஆனால் மறுநாள் யுத்தம் முடிந்ததற்காக அரசாங்க விடுமுறை. கந்தோர் பூட்டு. வீதியில் வெடி கொளுத்தினார்கள். அவர் கொட்டிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தார். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று ஆசை.

அதற்கடுத்த நாள் விடிய, கந்தோர் திறக்க முன்பே போய் நின்றார். கையெழுத்து வைத்தார். மிச்சமிருந்த ஒரு வீட்டை றிப்னாவின் பேருக்கே எழுதச் சொன்னார். ஆட்டோ பிடித்து வந்து பத்திரத்தை மகளின் மடியில் வைத்தார்.

றிப்னா அதை இரண்டு தரம் வாசித்தாள். நஸீறா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்ப முடிவெடுத்தீங்க வாப்பா?"

"முந்தநாள். லீவு வந்து கெடுத்துட்டு. இப்பவே போய் ஜுனைதாக்குச் சொல்லுவம், எழும்பு."

"நேத்து நான் உம்மாவோட அங்க போனன்" என்றாள் றிப்னா. "அவங்க போட்ட மோதிரத்தக் குடுத்துட்டன். அவருக்கும் வயசு போகுதுதானே, இன்னும் எத்தின வருசம் காத்திருக்கச் சொல்ற?"

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மகள்."

"சொன்னா இன்னும் கொஞ்சம் பொறு எண்டுவீங்க. நீங்க விடமாட்டீங்க எண்டுதான் வாப்பா நான் விட்டன்."