சத்து ஊசி

எனக்கு ஊசி போட்டது டாக்டர் இல்லை, அம்மா. பண்ருட்டியில் ஒரு நர்சிங் ஹோமில் சில வருடம் எடுபிடி வேலை பார்த்தவள். இடுப்பில் வலிக்காமல் குத்தத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குண்டு எறிபவள். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சுரங்கக் கம்பெனியில் வேலை கிடைக்கும். வேலை என்றால் பர்மனன்ட், பர்மனன்ட் என்றால் குவார்ட்டர்ஸ். அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அவரும் அம்மாவும் நானும் தங்கையும் ஒரு பர்மனன்ட்காரர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் அவர்கள் வீட்டு நாயின் கூண்டு. நாய்க்கு அங்கே நிரந்தர இடம். எங்களை எந்த மாதம் வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் லேபிள் கிழித்த சின்னச் சின்ன மருந்து பாட்டில்களைக் கொண்டுவந்து சத்து ஊசி என்றார். நான் நம்பினேன். சத்து மருந்தின் லேபிளை எவனும் கிழிக்கமாட்டான் என்பது நர்சிங் ஹோமில் தரை துடைத்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டாள்.

குண்டு தூரம் போனது. தோள் திரண்டது. மாதவிலக்கு நின்றது. மோவாயில் முடி முளைத்த அன்று அழுதுகொண்டே அம்மாவிடம் காட்டினேன். அவள் கடைக்குப் போய் ரேசர் வாங்கிவந்து கையில் கொடுத்தாள்.

“இதுக்குப் போய் அழுதுக்கினு இருக்கியே! பர்மனன்ட் ஆனப்பறம் பியூட்டி பார்லர்ல காட்டிக்கலாம்டீ.”

பிறகு குரலும் உடைந்து கட்டையானது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் தங்கை பாட, பக்கத்தில் நான் வாயை மட்டும் அசைப்பேன். ஒருநாள் டபுள் ஷிப்ட் என்று சொல்ல அப்பா சுரங்கத்திலிருந்து போன் செய்தார். நான் எடுத்து ஹலோ என்றேன்.

“யார்ரா நீ? என் வூட்ல வந்து போன் எடுக்கற? என் பொண்ணுகிட்ட குடுறா!”

“நான்தாம்பா.”

“சளியாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். கஷாயம் குடிக்கச் சொன்னார். அதன்பின் போனில் என்னிடம் பேசுவதையே அவர் விட்டுவிட்டார். ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லவுமில்லை. அவருக்கும் குவார்ட்டர்ஸ் வேண்டியிருந்தது.

தங்கம் வாங்கினேன். அம்மா கேசரி கிண்டி எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். போட்டி முடிந்ததுமே ஊக்கமருந்துச் சோதனைக்கு என் சிறுநீரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கேசரி தின்றவர்கள் வாழ்த்திவிட்டுப் போன பிறகு முடிவு வந்தது. பதக்கத்தைத் திருப்பிக் கேட்டார்கள், போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை போட்டார்கள், வேலை என்ற பேச்சே இல்லாமல் போனது. மாஸ்டர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஆம்பளையா ஆனதுதான் மிச்சமா?” என்று கேட்டாள். அவளாவது வெளி ஆள். அம்மா சொன்னதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

“இத்தினி ஊசியயும் வீணாக்கிட்டியேடீ.”

சில மாதங்கள் கழித்து மாஸ்டர் கூச்சமே இல்லாமல் கொட்டகைக்கு வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த தங்கையை நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மாடு வாங்க வந்தவர்கூட அவ்வளவு நிதானமாகப் பார்க்கமாட்டார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக.

“பெரியவளவிட கை நீளம்” என்றார் மாஸ்டர்.

இரண்டு பேரையும் அங்கேயே அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. தங்கைக்கு எதிரே போய் நின்றேன். பாட்டிலில் இருந்தது சத்து இல்லை என்றேன். நின்றுபோனது, முளைத்தது, உடைந்தது எல்லாவற்றையும், அந்த ஆளின் முன்னாலேயே, இந்தக் குரலிலேயே சொன்னேன். சட்டையைத் தோளுக்குக் கீழே இறக்கி ஊசியால் முதுகெல்லாம் புடைத்திருந்த கட்டிகளைக் காட்டினேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியது. தப்பித்தாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“மாஸ்டர், டெஸ்ட் எடுக்கறதுக்கு எத்தினி நாள் முன்னாடி ஊசிய நிறுத்தணுங்க?”

மாஸ்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுப்புப் பக்கமிருந்து அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“கேக்கறா பாத்தியாடீ? நீ என்னிக்காவது இத கேட்டியா?”