கையெழுத்துக்கு மேலே காலி இடம்

தீர்மானம் எழுதுகிறவன் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். யாராவது கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. மனைவி இறந்தபின் வீட்டிலும் பேச ஆளில்லாததால் அது எனக்குச் சிரமமாக இல்லை. முடிச்சூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்தேன். படிப்பு பத்தாவதோடு நின்றது. பழைய கோப்புகளைப் பார்த்து எழுதப் பழகியதால், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம் என் தலையில் விழுந்தது. கூட்டக் குறிப்பு எழுதிக் கை வலித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதலில் கையெழுத்து

சமோசா தீரும்வரைதான் எங்கள் கூட்டத்தில் ஆள் இருப்பார்கள். அதனால் வந்தவுடனே கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். மேலே 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி, நாலு வரி காலியாக விட்டு, புத்தகத்தை நீட்டுவேன். முடிவு பிறகு வரும்.

அந்த முறை பள்ளிக்கு அரசுப் பணம் வந்திருந்ததால் ஒருவர் விடாமல் வந்தார்கள். குழுத் தலைவி ஒரு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது விதி. புதிய தலைவி செல்வி, இட்லிக் கடை வைத்திருப்பவர். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இன்னா சார் இது, மாப்பிள்ளை யாருன்னு தெரியாமலே பத்திரிகை அடிச்சிட்டீங்க?"

வளைவும் திரையும்

ஆளுங்கட்சிக் கவுன்சிலர் பள்ளி வாசலில் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்றார். எதிர்க்கட்சிப் பிரமுகர் வகுப்பறைக்குத் தொடுதிரை வேண்டும் என்றார். வளைவுக்குள் நுழைந்தால் கணக்கு வந்துவிடுமா என்று இவர் கேட்க, கரண்ட் போனால் திரையைப் பார்த்துத் தலை சீவுவதா என்று அவர் கேட்டார். யார் கொடுத்த பணம் என்று விவாதம் டெல்லிவரை போய்வந்தது. பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்ததில் இருவருக்கும் கோபம் ஏறிக்கொண்டே போனது.

செல்வி மூன்றாம் முறை கை தூக்கியபோதுதான் பேச விட்டார்கள். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்பதாவது படிக்கும் அவர் மகள், போக இடமில்லாமல், பள்ளி விடும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. போன மாதம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கவுன்சிலர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நியாயந்தான்க்கா. ஆனா கக்கூஸ் வாசல்ல என் பேரைப் போட்டுக் கல்லு வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

இரட்டை வெளிநடப்பு

சமோசா தீர்ந்ததும் எதிர்க்கட்சிப் பிரமுகர் வெளிநடப்பு செய்தார். தன் வார்டில் இன்னொருவர் வெளிநடப்பு செய்வதா என்று கவுன்சிலரும் வெளிநடப்பு செய்தார். மற்றவர்களும் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். முடிவு எட்டப்படவில்லை என்று எழுதிவிடலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். மார்ச் முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடும் என்றேன்.

செல்வி எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை இழுத்து ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தலைமையாசிரியை ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். செல்வி புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "எல்லாரும் போட்டாச்சு. தலைவி நான் சொல்றேன், எழுதுங்க சார்: கக்கூஸு, தண்ணி, தாப்பா."

திறப்பு விழா

எழுதினேன். இரு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று வெளியில் சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை.

விழாவில் இருவரும், கழிப்பறையை முதலில் கேட்டது தாம்தான் என்று மாறி மாறிப் பேசினார்கள். ரிப்பன் வெட்டப்படாமலே கிடந்தது. செல்வியின் மகள் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு என்னிடம் வந்தாள். "சார், அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் தாங்காது. ரிப்பனுக்குக் கீழே குனிஞ்சு போயிடட்டுமா?"

அரசுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்ற விவாதங்களை எத்தனையோ ஆண்டுகள் கேட்டவன் நான். அவசரம் யாருக்கு என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது அந்த ஒரு நாள்தான்.