கண்ணாடியில் ஒரு பொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தனியாக இருந்தேன். மனைவியை ஊரிலிருந்து கூப்பிட ஸ்பொன்சர் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். அறையின் ஒரே யன்னல் கூரையை ஒட்டி, ஒரு சாண் உயரம். பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். அந்த எரிச்சலில்தான் பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்ற ஒரு கராஜ் சேலில் அந்தப் படத்தை வாங்கினேன்.

பிரான்ஸில் ஏதோ ஒரு நகரச் சதுக்கம், மாடி யன்னலில் இருந்து பார்ப்பதுபோல. குதிரை வண்டிகள், இலையில்லாத மரங்கள், நிறையச் சனம். ஓவியர் ஆளுக்கு ஒரு தீற்று, இரண்டு தீற்று என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒருவருக்கும் முகமில்லை. போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்று பின்னால் ஒட்டியிருந்தது. அதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குச் சனம் இருந்தால் போதும்.

உடுப்புத் தோய்க்கும் மெஷினடியில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்ததால் அதிலேயே மாட்டினேன். உடுப்புத் தோய்க்கக் கீழே வந்துபோகும் மேல்வீட்டு அன்ரி வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படங்களைத் துடைத்துப் பொட்டு வைப்பவர். ஒரு வெள்ளி வேலையால் வந்து பார்த்தால், குடை பிடித்த ஒரு பெண்ணின் மேல், கண்ணாடியில், குங்குமம்.

"என்ன அன்ரி இது?"

"கண்ணாடி போட்ட படத்தைச் சும்மா விடக்கூடாது தம்பி. எந்தச் சாமியெண்டுதான் எனக்கு வடிவாத் தெரியேல்லை."

கோபத்தோடு துணியை எடுத்தேன். துடைக்க மனம் வரவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரி பொட்டோடு எங்கள் ஆளாகிவிட்டிருந்தாள். அன்று முதல் அவள் என் மனைவி. வண்டியடியில் நின்றவர் அண்ணா. மரத்தடிக் கும்பல் என் கூட்டாளிகள். ஞாயிறுகளில் தேத்தண்ணியோடு அவர்கள் முன்னால் நின்று கதைப்பேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. விசா இழுபட இழுபட மனைவியின் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது; பொட்டு மட்டும் ஞாபகத்தில் நின்றது.

ஒருவழியாக அவள் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் நான் அழவில்லை. வீட்டில் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கிட்டப் போய் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"சரி, இது நான். அது உங்கடை அண்ணை. இதுக்குள்ளை நீங்கள் எங்கையப்பா நிக்கிறியள்?"

நானும் தேடினேன். அத்தனை வருடமும் ஊரிலிருந்த எல்லோரையும் அந்தச் சதுக்கத்துக்குக் கூட்டிவந்திருந்தேன். என்னை ஓரிடத்திலும் நிறுத்தியிருக்கவில்லை. மெஷினில் அவளுடைய உடுப்புச் சுற்றிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் அழுகை வந்தது.