கடைசித் தையல் அக்காவுக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டில் அக்கா வரைந்த ஏதாவது ஒன்று இருக்கும். தலையணை உறையில் இருக்கலாம், டிவி மேல் விரித்த துணியில் இருக்கலாம், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியும் இருக்கலாம். தைத்தது நீங்கள். கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தது அக்கா. அவர் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓட மறுக்கிறது. ஆனாலும் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான், நான்தான் எழுதியாக வேண்டும்.

அக்கா பிறந்தது ராயப்பேட்டையில், ஆறு குடும்பங்களுக்கு ஒரே குழாய் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில். அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. அக்கா பள்ளிப் படிப்பை முடித்த வருடமே அப்பா காலமானார். அம்மாவுக்கு ஆஸ்துமா. நான் அரை டிராயர் போட்ட பையன். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். என் படிப்பு, அம்மாவின் மருந்து, பிறகு மயிலாப்பூரில் நாங்கள் குடிவந்த மாடி வீட்டின் வாடகை எல்லாமே அவர் காதில் மாட்டியிருந்த அந்த ஹெட்போனில்தான் ஓடின. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் ஒரு வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். நான் வேலைக்குப் போனபோது பேச்சு வருவதே நின்றிருந்தது. இதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. எனக்குத்தான் இன்றும் அந்தக் குறை இருக்கிறது.

துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் கிராஸ் ஸ்டிச் தையல் அவருக்கு எக்ஸ்சேஞ்ச் ஓய்வறையில்தான் பழக்கமானது. கூட வேலை பார்த்த பெண்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துப் புகைபோக்கி வைத்த வீடுகளையும், பெயர் தெரியாத பூக்களையும் தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் ஒரு பனி மூடிய வீட்டைப் பாதி வரை தைத்தார். மே மாத வெயிலில் வியர்த்துக்கொண்டு வெள்ளை நூலில் பனி தைப்பது அவருக்கே சிரிப்பாகிவிட்டது. மறுநாள் என் பழைய கிராஃப் நோட்டை எடுத்து, எங்கள் தெரு அடிபம்பை வரைந்தார். பிறகு அதன் பின்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்களை வரைந்தார். பச்சை, நீலம், ஆரஞ்சு, நடுவில் யாரோ இடம் பிடிக்க வைத்த ஒரு செங்கல். தண்ணீர்ப் பஞ்சத்தில் நொந்துபோயிருந்த ஊர் அந்தக் 'குடவரிசை'யை வாங்கித் தைத்த வேகத்தை நான் பார்த்தேன். தி. நகரில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையில்கூட அது தொங்கியது. அந்த வீட்டம்மா தன் வாழ்நாளில் குடம் தூக்கியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு அக்கா நிற்கவில்லை. ஊரூர் குப்பத்துப் படகுகள், வடபழனி பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்கள், கோயில் குளத்து வாத்துகள் என்று தொண்ணூறுகள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தார். கிராஃப் தாளில் அச்சடித்த மெல்லிய கோடுகள் ஜெராக்ஸில் விழாது. அதனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் கறுப்பு மையால் இழுப்பார். ஜெராக்ஸில் வண்ணமும் வராது. புள்ளி என்றால் சிவப்பு, முக்கோணம் என்றால் பச்சை என்று அடியில் குறித்துவைப்பார். நேரில் வர முடியாதவர்களுக்கு டெலிபோனில் வரி வரியாகச் சொல்லுவார். "மூணு சிவப்பு, ரெண்டு விட்டு, ஒரு பச்சை. எழுதிட்டீங்களா?" என்று அவர் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போது வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஜெராக்ஸ் கடைக்கு நடந்தது நான். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத என்னைத்தான் கடைக்காரர் 'டிசைன் சார்' என்று கூப்பிட்டார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. துணியில் கடைசி ஒரே ஒரு தையலைப் போடாமல் விட்டுவைத்து, அவரிடம் கொண்டு வந்து காட்ட வேண்டும். அவர் முழுவதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் நூல் தாறுமாறாக ஓடியிருந்தால் திட்டும் விழும். பிறகு அந்தக் கடைசித் தையலைத் தன் கையால் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுப்பார். "இல்லேன்னா வாங்கிட்டுப் போய் பீரோவுல போட்டுடுவீங்க, எனக்குத் தெரியாதா" என்பார். அவருக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிஷம்தான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் யாராவது ஒருவர் துணிப்பையோடு படியேறி வருவது.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது அக்கா ஓய்வு பெறச் சில வருடங்கள் மீதியிருந்தன. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பார்க்க வந்த பெண்களிடம், "இன்னும் அஞ்சாறு பேர் துணி பாக்கி இருக்கு. அதையெல்லாம் முடிக்காம நான் எங்க போயிடப் போறேன்?" என்று சிரித்தார். அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் யாரும் துணி கொண்டு வரவில்லை. பார்க்க வருவார்கள், ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவார்கள், கையில் துணிப்பை மட்டும் இருக்காது. அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்பார். "தைக்க நேரமே இல்லக்கா" என்று ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொன்னார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையணையிலிருந்து எழப் பார்ப்பார். வெறுங்கையோடு வந்தவரைப் பார்த்ததும் மறுபடி சாய்ந்துகொள்வார். என் மனைவி இதைப் பார்க்க முடியாமல் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு மாடிப்படி. அதில் கீழிருந்து மேல்வரை, கையில் பையோடு பெண்கள் ஏறி வருகிறார்கள்.

"யாருக்கா இவங்கல்லாம்?"

"வர்றவங்க."

"யாரும் வரலியே."

"கிராஃப்லயாவது வரட்டும்டா" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ராயப்பேட்டைக்குப் போனேன். அங்கே தையல் கடை வைத்திருக்கும் ஜுலேகா அக்கா, எங்கள் அக்காவோடு இருபது வருடம் பழகியவர். கோபமாகத்தான் கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார்.

"நான் முடிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா தம்பி? பெட்டியிலதான் கீது."

"அப்புறம் ஏன் கொண்டாரல?"

"அன்னிக்கு அக்கா இன்னா சொன்னாங்க? துணி பாக்கி கீது, அதுவரைக்கும் போவ மாட்டேன்னாங்கல்ல. அதான் நாங்க எல்லாரும் பேசி வெச்சிக்கினோம், யாரும் கொண்டு போவக் கூடாதுன்னு. பாக்கி இருந்தா இருப்பாங்கன்னுதான்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அந்தக் கடையில், வருகிற போகிறவர்கள் பார்க்க அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். கிராஃபில் இருந்தபடியே, படி முழுக்கப் பெண்கள். விஷயத்தைக் கேட்ட அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "பைத்தியங்களா, நீங்க வருவீங்க வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே கிடந்தேனே" என்றார். பிறகு எல்லோர் கையையும் பிடித்துக்கொண்டார். ஜுலேகா அக்காவின் துணியில் கடைசித் தையலைப் போட்டார். அடுத்ததிலும் போட்டார். மூன்றாவது துணியில் ஊசி, நெசவின் ஓட்டையைத் தேடித் தேடி வழுக்கியது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, "மீதியை நீங்களே போட்டுக்குங்க. ஆனா கொண்டு வந்து காட்டணும்" என்றார். அதுதான் தையலைப் பற்றி அவர் பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த வாரம், விடிந்து காபி குடித்த பிறகு, என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வந்த டாக்டருக்கும், இரவல் கட்டிலைத் திரும்பக் கேட்காத கீழ்வீட்டாருக்கும், கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்த எக்ஸ்சேஞ்ச் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலருக்குக் கிராஃப் தெளிவாக விழும்வரை நான்கைந்து முறை எடுத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நன்றி. துணியோடு படியேறி வந்தவர்களுக்கு நன்றி என்று சொன்னால் அது போதாது.

மாடிப்படிக் கிராஃபைப் பின் அட்டையில் அச்சிட்டிருக்கிறோம். கோடுகள் அக்கா இழுத்தவை. எந்தக் குறிக்கு எந்த வண்ணம் என்பதும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் தைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தையலை விட்டுவைக்க வேண்டாம், நீங்களே போட்டுவிடுங்கள். ஆனால் முடித்ததும் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் படி ஏறி வாருங்கள். கதவைத் திறக்க நான் இருக்கிறேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கத்தான் எனக்குத் தெரியாது.