புளி போட்டுத் தேய்த்த வாஷர்

எங்கள் பழைய டீசல் காருக்கு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி இழுவையைக் கூட்டும் டர்போ கிடையாது. மேடு ஏறும்போது திணறுகிறது என்று சொல்லிச் சொல்லியே என் கணவர் பாலக்கோடு சாலையில் ஒரு காயலான் கடையிலிருந்து டர்போ ஒன்றைக் கொண்டுவந்து, தானே பூட்டவும் செய்தார். டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் இடத்தில், குழாய் முனைக்கு மேலும் கீழும் மோதிரம் மாதிரி செம்பு வாஷர் வேண்டும். இறுக்கும்போது அது நசுங்கிக் கசிவை அடைக்கும். அவர் புதிது வாங்கவில்லை. அதே கடையில் பொறுக்கிய பழைய வாஷர்களை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து, தக்காளிக்குப் பக்கத்தில் அடுப்பு மேடையில் கவிழ்த்தார். கறுப்புப் பிசினும், யாருடையதோ தலைமயிரும், கரப்பான் முட்டையும் சேர்ந்து விழுந்தன.

“பழுக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டா செம்பு மிருதுவாயிடும். புதுசு மாதிரியே அடைக்கும்,” என்றார்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் என் அடுப்பில், பால் பாத்திரம் இறக்கும் இடுக்கியால் பிடித்துச் சுட்டு, குடிக்கிற தண்ணீர்ச் சொம்பிலேயே போட்டார். சொம்பின் மேல் எண்ணெய் பல நிறத்தில் மிதந்தது.

அந்த வாஷர்களில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தது. சுட்டால் கீறல் போகுமா? ஆனாலும் அவற்றையே போட்டு இறுக்கினார். அடுத்த வாரம் அவருடைய அம்மாவான என் அத்தையோடு தீர்த்தமலைக் கோவிலுக்குக் கிளம்பினோம். அரூரைத் தாண்டியதும் ஆயில் கசிந்து இன்ஜினின் சூடான புகைக்குழாயில் சொட்டி, ஏசி வழியாகக் கருகல் புகை உள்ளே வந்தது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, “வண்டிய நிறுத்துடா,” என்றார். அதற்குள் என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டார். சாமி பார்க்காமலே திரும்பினோம்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நானே வாங்கியாறேன்,” என்று மறுநாள் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உதிரிபாகக் கடையில், மாதிரிக்கு நான் கொண்டுபோன பழைய வாஷரைப் பார்த்ததும் கடைக்காரர் கவரில் போட்டு ஒட்டிய பளபளப்பான வாஷர்களை எடுத்து வைத்தார். கவரைப் பிரித்தேன். லேசாகப் புளி வாசனை. புதுச் செம்புக்கு அந்த வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் வராது. புளி போட்டு விளக்கிய குடத்துக்குத்தான் வரும். வெளிச்சத்தில் திருப்பினால், எங்கள் பழைய வாஷரில் இருந்தது மாதிரியே கீறல்கள்.

“இது பழசுங்களே.”

“புதுசுதாங்க்கா. கம்பெனி கவர் பாருங்க.”

அவருக்குப் பின்னால் திரை பாதி விலகியிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு டப்பா மூடியில் புளிக்கரைசலை வைத்துக்கொண்டு வாஷர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் கறுப்பு. அருகில் புதுக் கவர்கள் கட்டாக இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள், கை நிற்கவில்லை.

“அங்க என்னங்க பண்றாங்க?” என்றேன்.

கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது வூட்டுப் பாத்திரங்க்கா.”

அந்த முகத்தில் ஒரு நொடி கூட வெட்கம் வரவில்லை. என் வீட்டில் நடந்தது அழுக்கு. இது அழுக்குக்குச் சட்டை போட்டு விற்பது. இன்னொருத்தி பிள்ளைகளோடு ஏறும் வண்டியில் இது ஆயிலைக் கசிய விட்டுத் தீப்பிடித்தால்?

“தீப்புடிக்குமுங்க,” என்றேன்.

“இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கல,” என்றார்.

கவரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையை எத்தனை முறை கழுவியும் அந்தப் புளிப் பிசுபிசுப்பு போகவில்லை.

கடைசியில் கணவரே சேலம் போய் உண்மையான புதிய வாஷர்கள் வாங்கிவந்து பூட்டினார். கசிவு நின்றது, வண்டியும் நன்றாக இழுக்கிறது. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியில் உறவினர் கல்யாணம் வந்தபோது அத்தை காரைப் பார்க்கவே இல்லை. “நீ வா கண்ணு, பஸ்ல போலாம்,” என்றார். நானும் பையை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.